சாயநீரும் தொட்டிக் கரியும்: எட்டாம் வகுப்பு அறிவியல் கண்காட்சிக்கு உதவி தேவை

கேள்வி – மாணவியின் தாய், திருப்பூர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகளின் பள்ளியில் இன்னும் மூன்று வாரங்களில் அறிவியல் கண்காட்சி நடைபெறவிருக்கிறது. கடையில் விற்கும் எரிமலை மாதிரியை வாங்கி வைக்க அவளுக்கு விருப்பமில்லை. நொய்யலில் சாயநீர் ஓடிய கதையைத் தாத்தா சொல்லக் கேட்டதிலிருந்து, தேங்காய்த் தொட்டிக் கரியால் அந்த நீரைச் சுத்தம் செய்து காட்டப்போவதாகப் பிடிவாதமாக இருக்கிறாள். நானும் என் கணவரும் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். எதில் உதவலாம், எதை அவளிடமே விட்டுவிடலாம் என்பது விளங்கவில்லை.

பதில் – காங்கேயம்

தொட்டிக் கரி எங்கள் ஊர்த் தொழில் என்பதால் எழுதுகிறேன், சகோதரி. சாதாரணக் கரியும் ஆக்டிவேட்டட் கார்பனும் ஒன்றல்ல; பின்னது, ஏறத்தாழ 900 டிகிரி வெப்பத்தில் நீராவி செலுத்தி, கரிக்குள் நுண்துளைகளை உண்டாக்கித் தயாரிக்கப்படுவது. நல்ல கார்பன் ஒரு கிராமில் உள்ள துளைகளின் பரப்பை விரித்தால் சுமார் 1000 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் 25 சென்ட் காடு. சாயம் போய் ஒட்டிக்கொள்வது அந்தப் பரப்பில்தான். இரண்டு கரிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பதில் – ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை, கோபி

பட்டறைக் கழிவுநீரை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். துணிச்சாயம் ஒரு சிட்டிகை போதும். ஆர்.ஓ. நீரில் அதைக் கரைத்து, நான்கு புட்டிகளில் 500 மி.லி. வீதம் ஊற்றி, கரியை 0, 5, 10, 20 கிராம் எனப் போட்டு, ஒரே நேர அளவுக்குப் பின் வடிகட்டி, வெள்ளைத் தாளின் முன் வைத்துப் படம் எடுக்கட்டும். கரி போடாத புட்டியை மறக்கவே கூடாது. எல்லாவற்றிலும் ஒரு கிராம் உப்பும் சேர்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் திருப்பூரின் சிக்கல் நிறத்தோடு முடியவில்லை. பருத்தியில் சாயம் ஏறுவதற்காகப் போடும் உப்பு முழுவதும் நீரிலேயே தங்கிவிடுகிறது. கரி அதைப் பிடிப்பதில்லை. கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூட 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதையும், இன்று ஆலைகள் சவ்வு வடிகட்டலோடு ஆவியாக்கிகளையும் நடத்துவதையும் இந்த உப்பை வைத்தே அவளுக்குப் புரியவைக்கலாம். நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிக் கொடுங்கள். அளப்பதும் எழுதுவதும் அவள் கையாலேயே நடக்கட்டும்.

மாணவியின் தாய்

மிக்க நன்றி, அம்மா. கார்பன் போட்ட நீர் கிட்டத்தட்டத் தெளிந்துவிட்டது. ஆனால் வீட்டுக் கரி 20 கிராம் போட்ட புட்டியில் டி.டி.எஸ். குறையாததோடு, 2040இலிருந்து 2260க்கு ஏறியும் இருக்கிறது. மீட்டர் பழுதா?

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை, கோபி

கரி போடாத புட்டியில் அளவு மாறவில்லையென்றால் மீட்டரின் மேல் பழியில்லை. வீட்டுக் கரியில் ஒட்டியிருக்கும் சாம்பலில் பொட்டாசிய உப்புகள் உண்டு; அவைதாம் கரைந்திருக்கும். கரியை ஆர்.ஓ. நீரில் நான்கைந்து முறை அலசி, காயவைத்து, மறுபடி செய்து பார்க்கட்டும். பழைய அளவை அழிக்காமல், அதற்கு அடுத்த வரியில் புதியதை எழுதச் சொல்லுங்கள்.