80 சிசி சைக்கிள் இன்ஜின் – பத்து நிமிஷத்துல திணறி நிக்குது, உதவி தேவை

1. சைக்கிள்மோட்டார்07
வணக்கம். சைக்கிள்ல மாட்டின 80 சிசி டூ ஸ்ட்ரோக். எக்ஸ்பான்ஷன் பைப் (பவர் கூட்டுற சைலன்சர்) போட்டேன், ஜெட்டும் (கார்புரேட்டர்ல பெட்ரோல் போற பித்தளைத் துளை) பெருசு பண்ணியாச்சு. ஃபுல் ஆக்சிலேட்டர்ல ஒரு பத்து நிமிஷம் சூப்பரா போகுது, அப்புறம் இழுக்காம திணறி நின்னுடுது. அஞ்சு நிமிஷம் விட்டா மறுபடி ஸ்டார்ட் ஆகுது. பிளக் புதுசு. எல்லாம் செக் பண்ணிட்டேன். என்னவா இருக்கும்? சீக்கிரம் சொல்லுங்க, நாளைக்கு வண்டி வேணும்.

2. ஊசிவால்வு
"எல்லாம்"னா என்னென்ன? ஜெட் எத்தனையில இருந்து எத்தனைக்குப் போனீங்க? லிட்டர் பெட்ரோலுக்கு ஆயில் எவ்வளவு கலக்குறீங்க? பிளக் என்ன நம்பர், கழட்டிப் பார்த்தா என்ன கலர்? நிக்கும்போது சுவிட்ச் ஆஃப் பண்ண மாதிரி டக்குனு நிக்குதா, இல்ல கொஞ்சம் கொஞ்சமா சோர்ந்து நிக்குதா? மத்ததைவிட கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லுங்க.

3. சுருள்கம்பி
சிடிஐ ப்ரோ, ஸ்பார்க் கொடுக்கிற பெட்டி. கண்ணை மூடிட்டுச் சொல்லலாம். சூடாகுது, நிக்குது, ஆறினா ஓடுது. வேற என்ன?

மல்டிமீட்டர் இருந்தா மேக்னட் காயில்ல இருந்து வர்ற நீல வயர், கருப்பு வயர் ரெண்டையும் சிடிஐயில இருந்து கழட்டிட்டு ஓம் பாருங்க. குளிர்ந்தப்ப ஒரு தடவை எழுதி வச்சுக்குங்க, நின்ன உடனே இன்னொரு தடவை. செம்புக் கம்பி 50 டிகிரி சூடேறினா ரெசிஸ்டன்ஸ் 20 சதவீதம் போலக் கூடும், அது சாதாரணம். ஒரேயடியா எகிறினா, இல்ல மீட்டர் ஒண்ணுமே காட்டலைன்னா, காயில் உள்ள எங்கேயோ விட்டுப்போச்சு. காயில் நல்லா இருந்தா சிடிஐ. வெள்ளை வயர்ல லைட் எதுவும் கொடுத்திருந்தா அதையும் கழட்டிடுங்க, ஸ்பார்க்கோட பலத்தைத் தின்னுடும். சிடிஐ பெட்டியை ஹெட்டுக்குப் பக்கத்துல கட்டியிருந்தா தள்ளிக் கட்டுங்க.

4. பழைய_பிஸ்டன்
முதலில் ஒரு திருத்தம். அது 80 சிசி இல்லை. போர் 47 மி.மீ., ஸ்ட்ரோக் 38 மி.மீ. என்றால் 65.9 சிசி. ஸ்ட்ரோக் 40 என்றால் 69.4. ஸ்டிக்கரில் இருப்பதை நம்புகிறவர்களுக்கு ஜெட் அளவும் அப்படித்தான் அமையும்.

இரண்டாவது, இதே கேள்வி இங்கே எத்தனை முறை வந்திருக்கிறது என்று தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது. "பிளக் புதுசு" என்பது தகவலே அல்ல. புது பிளக்கை மாட்டி, இன்ஜின் சூடான பிறகு நேர் சாலையில் முழு ஆக்சிலேட்டரில் அரை நிமிடமாவது ஓட்டி, ஆக்சிலேட்டரைக் குறைக்காமலே கிளட்சைப் பிடித்து அதே நொடியில் சுவிட்சை அணைக்க வேண்டும். பிறகு பிளக்கைக் கழற்றி, பீங்கான் உள்ளே போய் இரும்போடு சேரும் அடியிடத்தைப் பார்க்க வேண்டும். நுனியை அல்ல. அங்கே மெல்லிய பழுப்பு வளையம் இருந்தால் சரி. வளையமே இல்லை என்றால் பெட்ரோல் போதவில்லை. கரிப்பூச்சு தடிப்பாக இருந்தால் அதிகம். மெதுவாக உருட்டிக்கொண்டு வீடு வந்து பார்க்கும் பிளக் ஐடிலின் நிறத்தைத்தான் காட்டும். இதைச் செய்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

5. ஆயில்சீல்
அண்ணே, அவரு அவசரத்துல இருக்காரு, கொஞ்சம் மெதுவா.

எனக்கு இது ஏர் லீக் மாதிரி தெரியுது. இந்தக் கார்புரேட்டர் மேனிஃபோல்டு குழாய்க்கு மேல சொருகி ஒரு கிளாம்ப்ல இறுக்குற மாதிரி இருக்கும். அந்த இடம் அநேகமா எல்லா இன்ஜின்லயும் காத்து விடும். சூடாகி விரிஞ்சா இன்னும் கொஞ்சம் விடும், கலவை லீன் ஆகும் (காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி), இன்னும் சூடாகும். ஐடில்ல ஓடவிட்டு கார்புரேட்டர் கிளீனரை அந்த ஜாயின்ட்லயும் சிலிண்டர் பக்கத்துப் பேக்கிங்லயும் துளித்துளியா அடிங்க. ஏர் ஃபில்டர் பக்கம் போகாம, சூடான சைலன்சர் மேல படாம. ஆர்பிஎம் மாறினா அங்கதான் லீக். உள்ள ஒரு ஓ-ரிங் வச்சு இறுக்கினா நிக்கும்.

அதுல ஒண்ணும் தெரியலைன்னா கிராங்க் ஆயில் சீல் (கிராங்க் தண்டு வெளிய வர்ற இடத்துல காத்தை அடைக்கிற ரப்பர்). இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் ரப்பர் வச்சு அடைச்சுட்டு 0.4 பார் காத்து ஏத்துங்க. அஞ்சு நிமிஷம் அப்படியே நிக்கணும். இறங்கினா சோப்புத் தண்ணி பூசிப் பாருங்க. மேக்னட் பக்கம் குமிழி வந்தா அந்தப் பக்க சீல் அவுட்.

6. சைக்கிள்மோட்டார்07
ஆயில் சரியாத்தான் ஊத்தறேன். ஜெட் முதல்ல 0.70 மி.மீ. இருந்துச்சு. பைப் போட்டதும் 0.75 டிரில் விட்டேன், அப்பவும் நின்னுச்சு, அதான் 0.80 விட்டேன். 0.70ல கால் மணி நேரமாவது ஓடுச்சு, இப்ப பத்து நிமிஷம்தான். பிளக் வெள்ளையா இருக்கு. டக்குனு நிக்கல, முதல்ல சத்தம் மெலிசாகி ஆர்பிஎம் கொஞ்சம் ஏறுற மாதிரி இருக்கும், அப்புறம் சோர்ந்து போகும். ஸ்ப்ரே அடிச்சேன், ஒண்ணும் மாறல.

7. 25க்கு1
"சரியா"ன்னா எவ்வளவு தம்பி? அதைச் சொல்லாம ஊரையே சுத்துறீங்க. லிட்டருக்கு 60 மி.லி.க்குக் கம்மியா ஊத்தினா இந்த இன்ஜின்ல பெரிய முனை பேரிங் தாங்காது. சூட்டுல பிஸ்டன் பிடிக்க ஆரம்பிச்சா இப்படித்தான் சோர்ந்து நிக்கும், ஆறினா விட்டுடும். ஆயிலைக் கூட்டுங்க, தானா சரியாகும்.

8. பழைய_பிஸ்டன்
ஆயிலைக் கூட்டினால் கலவை லீன் ஆகும். பெயரில் 25க்கு 1 என்று வைத்துக்கொண்டு 16க்கு 1 ஊற்றச் சொல்கிறீர்கள். ஜெட் வழியே போகும் ஒவ்வொரு துளியிலும் ஆயில் கூடினால் பெட்ரோல் குறையும். வெள்ளை பிளக்கோடு வந்தவருக்கு இதுவா யோசனை?

9. 25க்கு1
புத்தகக் கணக்கு வேற, இன்ஜின் வேற. ஆயில் கூடினா ரிங்குக்கும் சிலிண்டருக்கும் நடுவுல சீல் நல்லா நிக்கும், கம்ப்ரஷன் ஏறும், சூடு கம்மியாகும்.

10. பழைய_பிஸ்டன்
கரியும் ஏறும். எக்ஸாஸ்ட் போர்ட்டும் சைலன்சரும் அடைபடும். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

11. நாலுபல்
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், இதே இன்ஜினுக்கு 44 பல்லுக்குப் பதிலா 36 பல் பின் ஸ்ப்ராக்கெட் போட்டா வேகம் எவ்வளவு கூடும்?

12. ஊசிவால்வு
நாலுபல்: முன்னாடி 10 பல், உள்ள பிரைமரி கியர் குறைப்பு 4.1, 26 இன்ச் சக்கரம்னு வச்சா 6000 ஆர்பிஎம்ல 44க்கு 41 கி.மீ., 36க்கு 50 கி.மீ. மேட்டுல கிளட்ச் வழுக்கும். மீதியைத் தனி இழையில கேளுங்க.

ஆயில் சண்டைக்கு ஒரே ஒரு கணக்கு. 16க்கு 1ல பெட்ரோல் பங்கு 94 சதவீதம், 32க்கு 1ல 97. வித்தியாசம் 3. ஜெட்டை 0.70ல இருந்து 0.80க்குக் கொண்டுபோனா துளையோட பரப்பு 31 சதவீதம் கூடுது. அதனால இவரோட பிரச்சனை ஆயில்ல இல்லை, ரெண்டு பேரும் விடுங்க. (ரன்னிங்-இன் முடியிற வரைக்கும் லிட்டருக்கு 50 மி.லி., அப்புறம் 40. நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில் போதும்.)

இப்ப சைக்கிள்மோட்டார்07. நீங்க போகிற போக்குல சொன்ன ஒரு வரியிலயே விஷயம் இருக்கு. ஜெட் பெருசாக ஆகச் சீக்கிரம் நிக்குது. ஜெட் சிறுசா இருந்ததுதான் கோளாறுன்னா, பெருசு பண்ணதும் கொஞ்சமாவது தேறியிருக்கணும். உங்களுக்குத் தலைகீழா நடக்குது. அப்படின்னா ஜெட்டுக்குப் பின்னாடி இருக்கிற பெட்ரோல் பத்தலை. கார்புரேட்டர் அடியில பெட்ரோல் தேங்குற பவுலுக்கு வர்றது கம்மி, நீங்க வேகமா இழுக்குறீங்க, மட்டம் இறங்குது, லீன் ஆகி ஆர்பிஎம் லேசா ஏறுது, அப்புறம் காலி. அஞ்சு நிமிஷத்துல பவுல் மறுபடி ரொம்பிடுது, நீங்க இன்ஜின் ஆறினதால ஓடுதுன்னு நினைக்கிறீங்க.

பண்ண வேண்டியது:

நின்ன உடனே, ஆறவிடாம, டேங்க் மூடியைத் திறங்க. உஸ்ஸுனு காத்து உள்ள போனாலோ, அரை நிமிஷத்துல ஸ்டார்ட் ஆனாலோ, மூடியில இருக்கிற காத்து ஓட்டைதான் அடைப்பு. டேங்க்ல ஒரு லிட்டர் அளவு காலி இடம் இருந்து, ஓட்டை முழுசா அடைச்சிருந்தா, 20-30 மி.லி. பெட்ரோல் இறங்குறதுக்குள்ளயே உள்ள வாக்குவம் கட்டி வரத்து நின்னுடும். இந்த டேங்க் கார்புரேட்டருக்கு ஒரு சாண் உயரத்துலதான் இருக்கு, அழுத்தம்னு பெருசா எதுவும் கிடையாது. உங்களுக்குப் பத்து நிமிஷம் தாங்குதுன்னா பாதி அடைப்பு.

உஸ்ஸுனு சத்தம் வரலைன்னா, இன்ஜின் நல்லா ஆறினப்புறம் திறந்த வெளியில கார்புரேட்டர் பக்கம் டியூபைக் கழட்டி ஒரு அளவு டம்ளர்ல விடுங்க. மூடியை மூடியே வைங்க. இந்த இன்ஜின் ஃபுல்ல குடிக்கிறது நிமிஷத்துக்கு 20, 25 மி.லி. வர்றது அதுக்கு மூணு நாலு மடங்கு இருக்கணும், மூணாவது நிமிஷத்துலயும் அதே தடிமன்ல விழணும். நூல் மாதிரி மெலிஞ்சா மூடி. ஆரம்பத்துலயே நூலா விழுந்தா பெட்ரோல் டேப்புக்கு உள்ள டேங்க் பக்கம் ஒரு வலைக்குழல் இருக்கும், அதுல துரு, பெயின்ட் துகள். ஃபில்டர் படுக்கை வாட்டுல மாட்டியிருந்தா அதுக்குள்ள காத்து தங்கி வரத்தைக் குறைக்கும், நிமித்தி மாட்டுங்க. டியூப் ஹெட்டுல உரசினாலும் பெட்ரோல் ஆவியாகி இதே கூத்துதான்.

13. சுருள்கம்பி
இவ்வளவும் சொன்னீங்க, ஸ்பார்க் பார்க்கச் சொல்லலையே.

14. ஊசிவால்வு
நியாயம். நின்ன உடனே பிளக்கைக் கழட்டுங்க. நனைஞ்சிருந்தா பெட்ரோல் வருது, ஸ்பார்க் இல்லை, சுருள்கம்பி சொன்னதைப் பாருங்க. காஞ்சிருந்தா நான் சொன்னது.

15. சைக்கிள்மோட்டார்07
மூடிதான். திறந்ததும் உஸ்ஸுனு சத்தம். போன வாரம் மூடி ஒழுகுதுன்னு உள்ள ரப்பர் பேக்கிங் வெட்டிப் போட்டேன், அது ஓட்டையை மறைச்சிருக்கு போல. ஊசியால குத்திட்டேன். நாப்பது நிமிஷம் நிக்காம ஓடுச்சு. எல்லாருக்கும் நன்றி.

16. பழைய_பிஸ்டன்
மூடியில் பேக்கிங் மாற்றியதை முதல் வரியில் எழுதியிருந்தால் பதினாலு பதிவு மிச்சம்.

17. ஊசிவால்வு
சந்தோஷம். ஆனா வேலை முடியலை. ஊசியால குத்தினது ரப்பர், தானா மூடிக்கும். மூடியில இருக்கிற ஓட்டைக்கு நேரா பேக்கிங்ல 2 மி.மீ. துளை பஞ்ச் பண்ணுங்க.

அடுத்தது ஜெட். பெட்ரோல் வராததுக்கு மருந்தா ஜெட்டைப் பெருசு பண்ணீங்க. இப்ப பெட்ரோல் வருது, ஜெட் அப்படியே பெருசா இருக்கு, இனி பெட்ரோல் அதிகமாயிடும். அதுவும் கையால டிரில் விட்ட பித்தளை 0.80ல நிக்காது, டிரில் ஆடி 0.83, 0.85 கூட ஆகியிருக்கும், உள் விளிம்புல பிசிறு வேற. ரெடிமேட் ஜெட் 0.70, 0.75, 0.80 மூணும் வாங்கி 0.80ல ஆரம்பிச்சுக் கீழ இறங்குங்க. கீழ இருந்து மேல ஏறினா, சரியான ஜெட் கிடைக்கிறதுக்குள்ள பிஸ்டன் போயிடும். ஒவ்வொண்ணுக்கும் பழைய_பிஸ்டன் 4ல சொன்ன மாதிரி பிளக் பாருங்க, அவரு சொன்ன முறை சரியான முறைதான். ஃபுல் சரியான பிறகு பாதி ஆக்சிலேட்டர். அங்க தடுமாறினா கார்புரேட்டர் ஊசியில கிளிப்பை ஒரு பள்ளம் மேல ஏத்துங்க, ஊசி இறங்கும், பெட்ரோல் குறையும்.

இத்தனை நாள் லீனா ஓட்டியிருக்கீங்க. பைப்பைக் கழட்டி எக்ஸாஸ்ட் போர்ட் வழியா டார்ச் அடிச்சு பிஸ்டன் ஓரத்தைப் பாருங்க. நெடுக்குக் கோடு நகத்துல தட்டுப்பட்டா சிலிண்டரைத் தூக்கித்தான் ஆகணும். பைப்போட மறுமுனையை ஃபிரேமோட ஒரு பட்டை வச்சுக் கட்டியிருக்கீங்கதானே? இல்லைன்னா அதிர்வுல எக்ஸாஸ்ட் ஸ்டட் முறியும்.

18. சைக்கிள்மோட்டார்07
இப்ப ஃபுல் கொடுத்தா படபடபடனு விட்டு விட்டு அடிக்குது, வேகம் ஏற மாட்டேங்குது, புகை ஜாஸ்தி. இது வேற பிரச்சனையா? தனி இழை போடவா?

19. பழைய_பிஸ்டன்
மேலே 17ஐப் படிக்கவும்.

20. சுருள்கம்பி
படபடன்னா சிடிஐதான் ப்ரோ.