பம்ப் போய்விட்டதா? வாளியில் வைத்துப் பார்த்த கதை

புதூர்க்காரன்:
மே மாதம், மொட்டை மாடி அறை. கம்ப்யூட்டரில் வீடியோ ரெண்டர் போட்டால் பிராசசர் 95 டிகிரியைத் தொட்டது. பம்ப் வைத்துத் தண்ணீரைச் சுற்றவிட்டுக் குளிர்விக்கும் வாட்டர் கூலிங் போட்டும் இந்தக் கதி. பம்ப் போய்விட்டது என்றே முடிவு கட்டினேன். ஆனால் திரையில் 4700 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) காட்டுகிறதே! சுற்றுவது சரி, தண்ணீரைத் தள்ளுகிறதா?

பம்பைத் தனியே கழற்றினேன். டி5 வகை, உச்சபட்சம் மணிக்கு 1500 லிட்டர், சுமார் 4 மீட்டர் உயரம் தள்ளும். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். பழையது ஒன்றின் 24 முனை கனெக்டரில் பச்சைக் கம்பியையும் ஒரு கறுப்புக் கம்பியையும் பேப்பர் கிளிப்பால் இணைத்தால், மதர்போர்டு இல்லாமலே 12 வோல்ட் வரும். தண்ணீர் இல்லாமல் மட்டும் ஓட்டிவிடாதீர்கள். பேரிங்குக்கு எண்ணெயே அந்தத் தண்ணீர்தான்.

கொத்தனார் வேலை பார்க்கும் மாமாவிடம், தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்கும் மட்டக் குழாயை இரவல் வாங்கினேன். "எதுக்கு மாப்ள, சுவரா எழுப்பப் போற?" என்றார். பம்பையும் வாளியையும் முற்றத்தில் வைத்து, குழாயின் மறுமுனையை மாடிக் கைப்பிடிச் சுவரில் கட்டி ஓடவிட்டேன். தண்ணீர் விறுவிறுவென ஏறி ஓரிடத்தில் நின்றது. வாளியின் நீர்மட்டத்திலிருந்து அளந்தால் பதினொன்றரை அடி, அதாவது 3.5 மீட்டர். பம்ப் கல்லுக்குண்டாட்டம் இருக்கிறது!

அப்புறம் எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, திரும்பி வரும் குழாயை மட்டும் லிட்டர் பாட்டிலுக்குள் விட்டேன். நிறைய 110 வினாடி. மணிக்கு 33 லிட்டர்தான். பிராசசர் மேல் உட்காரும் பிளாக்கைத் திறந்தால், செம்புத் தகடுகளின் இடுக்கெல்லாம் வெள்ளை உப்பு. தண்ணீர் குறையும்போதெல்லாம் தம்பி போர்வெல் தண்ணீரை ஊற்றி வந்திருக்கிறான்! வினிகரும் பழைய டூத் பிரஷும் போட்டுத் தேய்த்து, பேட்டரிக் கடை டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றினேன். இப்போது லிட்டருக்கு 18 வினாடி. சூடு 78 டிகிரி.

திருமங்கலத்தான்:
என் கூத்து இதைவிட மோசம். அதே டி5தான். பம்பின் முதுகில் வேகத்தை மாற்ற 1 முதல் 5 வரை ஒரு திருகு இருக்கும். வாங்கிய நாளிலிருந்து அது 1-லேயே கிடந்திருக்கிறது! 1-ல் 1800 சுற்று, 5-ல் 4800. எட்டு மாதம் விசிறிகளைத் திட்டித் தீர்த்தேன்.

மேலூர் அண்ணன்:
புதூர்த் தம்பி, லிட்டருக்கு 18 வினாடி என்றால் மணிக்கு 200 லிட்டர் வந்துவிட்டதல்லவா, அதற்கு மேல் மெனக்கெடாதே. 300 வாட் சூட்டுக்கு, நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடினால் தண்ணீர் 4 டிகிரி ஏறும். 3 லிட்டர் ஓடினால் ஒன்றரை. அதற்கப்புறம் ஏறுவது சத்தம்தான். அறையே 38-ல் இருந்தால் தண்ணீர் அதற்குக் கீழே போகவும் போகாது. பம்பின் திருகை 3-ல் வைத்துப் பார்.

புதூர்க்காரன்:
வைத்தேன் அண்ணே. லிட்டருக்கு 25 வினாடி ஆகிறது, சூடு ஒரு டிகிரிகூட மாறவில்லை. இன்னொரு தடவை அளந்து பார்க்கலாம் என்றால், மட்டக் குழாயைக் கேட்டு மாமா ஆள் அனுப்பிவிட்டார்.