மாப்பிள்ளைகிட்ட ரத்த டெஸ்ட் கேட்டா சம்பந்தம் முறிஞ்சிருமா?

சயான்_அக்கா:
எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சிக்கு தை மாசம் கல்யாணம். மாப்பிள்ளை வீடு தாராவி, ரெண்டு குடும்பத்துக்கும் பூர்வீகம் திருநெல்வேலி பக்கம். ரெண்டு பேரும் ஒண்ணா போய் ஹெச்ஐவி, விடிஆர்எல் (சிஃபிலிஸுக்கு எடுக்கற ரத்த டெஸ்ட்), ஹெபடைடிஸ் பி (கல்லீரல பாதிக்கற கிருமி) மூணும் பாத்துக்கட்டும்னு சொன்னேன், அவ்வளவுதான், வீடே ரெண்டாயிடுச்சு. பெரியப்பா "நம்ம பிள்ளை மேல சந்தேகமான்னு அவங்க கேட்டா முகத்த எங்க வச்சிக்கிறது"ன்னு கத்துறார், அம்மா அழுறாங்க. பத்துப் பொருத்தம் பாத்தோம், செவ்வாய் தோஷம் பாத்தோம், ரத்தம் மட்டும் பாக்கக் கூடாதா? நான் கேட்டது தப்பா, சொல்லுங்க.

நெல்லைச்சீமை:
தப்புன்னு சொல்லல தங்கச்சி, ஆனா உங்க பெரியப்பா பயம் எனக்குப் புரியுது. நான் 30 வருஷமா பம்பாய்ல இருக்கேன், எத்தனையோ சம்பந்தம் பேசி முடிச்சிருக்கேன். இந்தப் பேச்ச எடுத்தா மாப்பிள்ளை வீட்ல முதல்ல என்ன நினைப்பாங்க தெரியுமா, பொண்ணுக்கு ஏதோ பழைய கதை இருக்கு, அதான் முந்திக்கிட்டுக் கேக்காங்கன்னுதான். மூணு தலைமுறையா தெரிஞ்ச குடும்பம், பையன் பீடி கூட குடிக்காதவன், அவன்கிட்ட போயி எய்ட்ஸ் டெஸ்ட் எடுன்னா அவன் மனசு என்ன பாடுபடும்? கல்யாணம் நம்பிக்கையில நிக்கற விஷயம்மா.

லேப்காரன்:
நெல்லை அண்ணாச்சி, மரியாதையோடதான் சொல்றேன், கிருமிக்கு மூணு தலைமுறை தெரியாது. 15 வருஷமா ரத்தம் எடுக்கற கை இது. ஒரு கதை மட்டும் சொல்றேன், ஆளு ஊரு எல்லாம் மாத்திட்டேன்.

ஒரு பொண்ணு, 22 வயசு, நாலாவது மாசம் கர்ப்பம். எல்லா கர்ப்பிணிக்கும் எடுக்கற மாதிரி விடிஆர்எல் எடுத்தோம், பாசிடிவ். அந்தப் பொண்ணுக்கு சிஃபிலிஸ்னா என்னன்னே தெரியாது, மேக நோய்னு சொன்னதும் சேலை முந்தானைய வாய்ல வச்சிக்கிட்டு அப்படியே உக்காந்துட்டா. புருஷன கூப்ட்டு தனியா கேட்டா, கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு புண்ணு வந்துச்சாம், வலியே இல்லயாம், வெக்கப்பட்டுக்கிட்டு லோக்கல் ட்ரெயின்ல ஒட்டியிருக்கற குப்த் ரோக், அதான் ரகசிய நோய் வைத்தியம்ங்கற நோட்டீஸ் பாத்து ஒருத்தன்கிட்ட போயி ஏதோ லேகியம் வாங்கித் தின்னிருக்கான், கொஞ்ச வாரத்துல புண்ணு ஆறிடுச்சு, லேகியம் வேலை செஞ்சிருச்சுன்னு நிம்மதியா இருந்திருக்கான். அதான் அந்த நோயோட குணமே. மருந்தே போடலன்னாலும் புண்ணு தானா ஆறும், கிருமி உள்ள இருக்கும், கொஞ்ச நாள் கழிச்சு உள்ளங்கை உள்ளங்கால்ல தடிப்பு வரும், அதுவும் போயிரும், அப்பறம் வருஷக்கணக்கா சத்தமே வராது. ரெண்டு பேருக்கும் பென்சிலின் ஊசி போட்டோம், 24 லட்சம் யூனிட், இடுப்புக்குக் கீழ ரெண்டு பக்கமும், நல்லா வலிக்கும். குழந்தை நல்லபடியா பொறந்துச்சு. ஆனா அந்த ஊசிய கல்யாணத்துக்கு முன்னாடியே அந்தப் பையன் போட்டிருந்தா அந்தப் பொண்ணு அன்னைக்கு அப்படி உக்காந்திருக்க வேண்டியதில்லையே. அவன் கெட்டவனும் இல்ல அண்ணாச்சி, பயந்தவன்.

அந்தேரி_ஐடி:
இதுக்குத்தான் சொல்றேன், கவர்மென்ட் சட்டமே போடணும். கல்யாணத்த ரெஜிஸ்டர் பண்ண வந்தா ஆதார் கேக்கற மாதிரி ஹெச்ஐவி ரிப்போர்ட்டும் கேளுங்க, முடிஞ்சுது கதை, யாரும் யார்கிட்டயும் முகம் கோண வேண்டாம்.

செம்பூர்_வக்கீல்:
கட்டாயம்ங்கற வார்த்தைய நான் கடுமையா எதிர்க்கறேன். 2017ல ஹெச்ஐவி எய்ட்ஸ் சட்டம் வந்துச்சு, 2018 செப்டம்பர்லேர்ந்து அமல்ல இருக்கு, ஒருத்தரோட சம்மதம் இல்லாம டெஸ்ட் எடுக்கக் கூடாது, ரிசல்ட்ட அவங்க அனுமதி இல்லாம ஊருக்குச் சொல்லக் கூடாது, அதைக் காட்டி வேலைய விட்டுத் தூக்கக் கூடாதுன்னு தெளிவா இருக்கு. இதெல்லாம் சும்மா வரல, எத்தனையோ பேர் வேலையும் வீடும் போயி தெருவுக்கு வந்த பிறகு வந்த சட்டம்.

இன்னொண்ணு, இது என் அடிவயித்துலேர்ந்து வர்ற கோவம். டெஸ்ட் கட்டாயம்னா அது பொண்ணு தலையிலதான் விடியும். பையன் ரிப்போர்ட் பெரியவங்க பாக்கெட்டுக்குள்ள போகும், பொண்ணு ரிப்போர்ட் நாலு வீட்டுக்குப் போகும். இன்னைக்கு ஹெச்ஐவி, நாளைக்கு "பொண்ணு கன்னியான்னும் பாத்திருங்க"ன்னு நிக்கும். அந்த ரெண்டு விரல் பரிசோதனைக்கு அறிவியல் அடிப்படையே இல்ல, பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பொண்ணுங்களுக்கு இதை யாரும் செய்யக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2022ல திரும்பவும் அடிச்சுச் சொல்லிச்சு, அப்பவும் நம்ம ஆளுங்க மனசுலேர்ந்து அந்த ஆசை போகல. அக்கா, நீங்க கேக்கறது நல்லதுக்குத்தான். ஆனா யார் ரிசல்ட்ட யார் பாக்கப்போறாங்க, அத முதல்ல முடிவு பண்ணுங்க.

சயான்_அக்கா:
இத நான் யோசிக்கவே இல்ல, நிஜமாவே. நான் ரிப்போர்ட்ட ரெண்டு வீட்டுப் பெரியவங்க முன்னாடி வச்சிரலாம்னுதான் நினைச்சிருந்தேன்.

லேப்காரன்:
வேண்டாம்மா, பெரியவங்க கையில போகவே வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில ஐசிடிசி இருக்கு, ஹெச்ஐவிக்கு ஆலோசனையும் டெஸ்ட்டும் குடுக்கற சென்டர், ஃப்ரீ, முதல்ல கவுன்சலர் தனியா பேசுவாங்க, அப்பறம்தான் ரத்தம், ரிசல்ட் அவங்கவங்க கையில மட்டும். முதல் கிட்ல கோடு விழுந்தாலே பாசிடிவ்னு எழுதிர மாட்டோம், வேற வேற கிட்ல இன்னும் ரெண்டு தடவை பாத்துதான் சொல்லுவோம். எந்த ஆஸ்பத்திரின்னு தெரியலன்னா எய்ட்ஸ் ஹெல்ப்லைன் 1097க்கு ஃபோன் போடுங்க, காசு கிடையாது.

அந்தேரி தம்பிக்கும் ஒண்ணு. ரிப்போர்ட் நெகடிவ்னா அது சர்டிபிகேட் இல்ல. கிருமி உள்ள போன உடனே டெஸ்ட்ல தெரியாது, நாலாம் தலைமுறைன்னு சொல்ற புது வகை லேப் டெஸ்ட்லயே 45 நாள் வரைக்கும் ஆகலாம், சாதா ரேபிட் கிட்னா 3 மாசம் வரைக்கும். போன வாரம் தொத்தினது இந்த வாரம் ரிப்போர்ட்ல வராது. ஹெச்பிவின்னு உடலுறவுல பரவற இன்னொரு வைரஸ், அதுக்கு ஆம்பளைங்களுக்கு அங்கீகாரம் பெற்ற டெஸ்டே கிடையாது. அதனால பேப்பர விட பேச்சுதான் முக்கியம், ரெண்டு பேரும் உக்காந்து முன்னாடி என்ன நடந்துச்சு, இப்ப என்னன்னு சொல்லிக்கணும். சந்தேகம்னா மறு டெஸ்ட் வரைக்கும் காண்டம். தங்கச்சிக்கு 26 வயசுக்குள்ளன்னா ஹெச்பிவி தடுப்பூசிய டாக்டர்கிட்ட கேளுங்க, கர்ப்பப்பை வாய் புத்துநோய்ல பத்துல ஏழு அந்தக் கிருமியோட 16, 18ங்கற ரெண்டு வகையாலதான் வருது. நம்ம புனேல செய்யற ஊசியே 2023லேர்ந்து கிடைக்குது, ஆம்பளைப் பசங்களுக்கும் போடலாம்.

நெல்லைச்சீமை:
சரி, ஒருத்தனுக்கு பாசிடிவ்னு வந்துருச்சுன்னே வைங்க. அப்ப என்ன செய்வீங்க? கல்யாணத்த நிறுத்திட்டா ஊரே கேக்கும் ஏன்னு. அவன் வாழ்க்கை அதோட முடிஞ்சுது. தெரியாமலே இருந்திருந்தா நிம்மதியாவாவது இருந்திருப்பான்.

ஒரு_மாத்திரை:
ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இதுக்கு பதில் சொல்லாம இருக்க முடியல அண்ணாச்சி. எனக்கு 2012ல பாசிடிவ். டெஸ்ட் எடுத்த அன்னைக்கு தாதர் ஸ்டேஷன் பிளாட்பாரத்துல எத்தனை ட்ரெயின விட்டேன்னு எனக்கே தெரியாது. இன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்பறம் ஒரே ஒரு மாத்திரை, அரசாங்கம் 2004லேர்ந்து இலவசமா குடுக்குது. வைரல் லோட், அதாவது ரத்தத்துல கிருமி எவ்வளவுன்னு பாத்தா, கணக்குலயே வர்றதில்ல. அப்படித் தொடர்ந்து இருந்தா உடலுறவு மூலமா இன்னொருத்தருக்கு பரவாது, இது ஆராய்ச்சி பண்ணி நிரூபிச்ச விஷயம். நான் கல்யாணம் பண்ணினது எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான், ஒரு வாரம் அவ என்கிட்ட பேசவே இல்ல, அப்பறம் என்கூட ஹெச்ஐவி மருந்து குடுக்கற ஏஆர்டி சென்டர்க்கு வந்து டாக்டர்கிட்ட அவளே கேள்வி கேட்டா. இப்ப அவளும் நெகடிவ், 5 வயசு பொண்ணும் நெகடிவ். தெரியாம இருந்திருந்தா அண்ணாச்சி, நான் இந்நேரம் செத்திருப்பேன், அவளுக்கும் குடுத்திருப்பேன். அது நிம்மதி இல்ல.

நெல்லைச்சீமை:
தம்பி, மன்னிச்சிருங்க. தெரியாம பேசிட்டேன். சம்பந்தம் பேசற எடத்துல இத எப்படி எடுக்கறதுன்னு எனக்கு இன்னும் வழி தெரியல, அந்தக் கருத்து மாறல. ஆனா தெரியாம இருக்கறதே மேல்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன்.

செம்பூர்_வக்கீல்:
வழி தெரியலன்னு சொல்றீங்கள்ல, அதுல எனக்கும் கோவம் வருது, உங்க மேல இல்ல. 2007ல பள்ளிக்கூடத்துல பாலியல் கல்வி நம்ம பண்பாட்டுக்கு ஆகாதுன்னு இதே மகாராஷ்டிராவுல நிறுத்தினாங்க. அன்னைக்கு பள்ளிக்கூடத்துல இருந்த பிள்ளைங்கதான் இன்னைக்கு மாப்பிள்ளை, பொண்ணு. வாயத் திறக்கப் பழக்கவே இல்லையே நம்ம.

சயான்_அக்கா:
நேத்து ராத்திரி நடந்தது சொல்லிடறேன். பெரியவங்கள விட்டுட்டேன், தங்கச்சியே மாப்பிள்ளைக்கு ஃபோன் போட்டா. "நான் எடுக்கப் போறேன், நீங்களும் வர்றீங்களா"ன்னுதான் கேட்டிருக்கா, நீங்க எடுங்கன்னு சொல்லல. அவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலையாம், அப்பறம் "எனக்கும் கேக்கணும்னு இருந்துச்சு, எப்படி கேக்கறதுன்னு தெரியல"ன்னாராம். சனிக்கிழமை காலைல ரெண்டு பேரும் சயான்ல டெஸ்ட் எடுக்கப் போறாங்க. ரிப்போர்ட்ட நான் கேக்கப் போறதில்ல. பெரியப்பா இன்னும் என்கிட்ட பேசல.

நெல்லைச்சீமை:
பேசுவார்மா, விடுங்க. லேப் தம்பி, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி எத்தனை தடவை போடணும்? என் சின்னவனுக்கு அடுத்த வருஷம் பாக்க ஆரம்பிக்கணும்.

லேப்காரன்:
3 ஊசி அண்ணாச்சி. இன்னைக்கு ஒண்ணு, ஒரு மாசம் கழிச்சு ஒண்ணு, ஆறாவது மாசம் ஒண்ணு. முதல்ல டெஸ்ட் பண்ணிட்டுப் போடுங்க, இப்பவே ஆரம்பிச்சா கல்யாணத்துக்குள்ள முடிஞ்சிரும்.