குரோமைட் கழிவுச்சேறு: நுண்துகள் எல்லாம் தண்ணீரோடு போகிறது, உதவுங்கள்

வெள்ளவத்தை மாணவி:
கொழும்பில் முதுகலை ஆய்வு செய்கிறேன். இந்தியாவில் ஒடிசாவின் சுகிந்தாப் பள்ளத்தாக்குக் குரோமைட் (குரோமியத் தாது) சுரங்கக் கழிவு இரண்டு வாளி கிடைத்தது. பாதிக்கு மேல் 38 மைக்ரோன் சல்லடையில் கீழே இறங்கிவிடுகிறது. ஷேக்கிங் டேபிளில் (தண்ணீர் ஓட, ஆடி ஆடிக் கனமான துகளைப் பிரிக்கும் சாய்வு மேசை) விட்டால் பென்சில் கோடு போல ஒரு கறுப்புக் கோடுதான் வருகிறது. மீதி பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில் கழிவுப் பக்கம் ஓடுகிறது. அதை லென்சில் பார்த்தால் அதற்குள்ளும் மினுங்கும் கறுப்புத் துகள்கள்! தண்ணீரையும் சாய்வையும் கூட்டினேன், இன்னும் மோசம். காந்தத்தால் பிடிக்கலாமா?

புல்மோட்டை மணல்:
தங்கச்சி, முதலில் தண்ணீரைக் குறையுங்கள். நான் கனிய மணலில் வேலை செய்தவன். அங்கே மணி பெரிது, டேபிள் மன்னித்துவிடும். சேறு மன்னிக்காது.

குரோமைட்டின் அடர்த்தி ஏறக்குறைய 4.5, அதோடு கலந்துவரும் வேண்டாத கனிமமான சர்ப்பென்டைன் 2.6. வித்தியாசம் நிறையத்தான். ஆனால் 20 மைக்ரோன் குரோமைட்டும் 30 மைக்ரோன் சர்ப்பென்டைனும் ஒரே வேகத்தில்தான் அடியில் போய்ச் சேரும். எல்லா அளவையும் கலந்து விட்டால் டேபிளுக்கு எது எதுவென்று தெரியாது. அதனால் சேற்றை முன்கூட்டியே கழற்ற வேண்டும்.

வாளியில் கரைத்து, சோடியம் சிலிக்கேட் கொஞ்சம் விட்டு நன்றாகக் கலக்குங்கள். அது இல்லாவிட்டால் களி குரோமைட்டோடு ஒட்டிக்கொண்டு சேர்ந்தே இறங்கும். கலக்கிவிட்டு 15 நிமிடம் தொடாமல் வையுங்கள். நம்ம ஊர்ச் சூட்டில், 28 பாகையில், 10 மைக்ரோன் குரோமைட் அதற்குள் 20 சென்டிமீட்டர் இறங்கிவிடும். அதே அளவு சர்ப்பென்டைனுக்கு அரை மணி நேரம் வேண்டும். மேலே உள்ள 20 சென்டிமீட்டரை ரியூப் வைத்து இழுத்துவிடுங்கள். ஒரு தடவை போதாது, மேல்நீர் ஓரளவு தெளியும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அப்புறம் அடியில் நின்றதை 38 மைக்ரோனில் ஈரமாகச் சலித்து, இரண்டு பங்கையும் தனித்தனியே டேபிளில் விடுங்கள். நுண்பங்குக்கு டேபிளின் சாய்வு குறைவு, ஆடும் வீச்சு சிறியது, ஆடும் வேகம் கூட, ஊட்டம் மெதுவாக.

பேராதனை அக்கா:
காந்தத்தைப் பற்றி ஒன்று. கைக்காந்தம் குரோமைட்டைப் பிடிக்காது. உயர்செறிவுக் காந்தப் பிரிப்பான் பிடிக்கும், ஆனால் கோதைட் என்ற இரும்புக் கனிமத்தையும் சேர்த்தே இழுக்கும். சுகிந்தாக் கழிவில் பழுப்பு நிறம் தருவது பெரும்பாலும் அந்த இரும்புதான். குரோம் கூடும், குரோம்-இரும்பு விகிதம் சீராகாது. இழுத்தெடுத்த மேல்நீரையும் காயவைத்து நிறுத்துப் பகுப்பாய்வு செய்யுங்கள் தங்கச்சி, அதில் எவ்வளவு குரோம் போனது என்று தெரியாமல் மீட்பு விகிதம் சொல்ல முடியாது.

இன்னொன்று, தயவுசெய்து கேளுங்கள்: கழுவிய தண்ணீரை வடிகாலில் ஊற்ற வேண்டாம். நச்சான ஆறுவலுக் குரோமியம் இருக்கலாம். அமிலமாக்கி டைபீனைல் கார்பசைட் விட்டால், அது இருந்தால் ஊதா நிறம் வரும், அதைப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். காய்ந்த தூளை முகமூடி இல்லாமல் தொடாதீர்கள்.

வெள்ளவத்தை மாணவி:
அண்ணா, நாலு தடவை இறக்கினேன். இன்று நுண்பங்கை விட்டேன், கறுப்புக் கோடு விரல் அகலத்துக்கு வந்தது! பக்கத்தில் பழுப்புப் பட்டை ஒன்று ஒட்டியே வருகிறது.

புல்மோட்டை மணல்:
அது கோதைட்டாக இருக்கும், அதன் அடர்த்தி 4க்குக் கிட்ட. அந்தப் பட்டையைத் தனியே ஏந்திக் கறுப்போடு கலக்காமல் மறுபடி விடுங்கள். கறுப்பில் ஒரு சிட்டிகை எடுத்துப் பகுப்பாய்வுக்குக் கொடுத்துவிட்டு எழுதுங்கள், பார்ப்போம்.