1453, 1453 என்று இன்னும் எத்தனை நாள்?

ஓட்டைப்பேனா:
பக்கத்துத் திரியில் ஒருவர் எழுதியிருக்கிறார்: 1453இல் துருக்கியர் கிழக்கு ரோமப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்தார்களாம், அங்கிருந்த கிரேக்க அறிஞர்கள் ஏடுகளைத் தூக்கிக்கொண்டு இத்தாலிக்கு ஓடி வந்தார்களாம், உடனே பழைய கிரேக்க, ரோமானிய நூல்களையும் கலையையும் மீட்டெடுத்த ஐரோப்பிய மறுமலர்ச்சி பிறந்துவிட்டதாம். கீழே ஏகப்பட்ட பேர் கைதட்டல் வேறு. ஐயா, கவிஞர் பெட்ரார்க் செத்தது 1374இல். ஓவியர் மசாச்சோ 1428இல் போய்ச் சேர்ந்தார். புளோரன்ஸ் தேவாலயத்துக் குவிமாடத்தை புருனெல்லெஸ்கி கட்டி முடித்தது 1436, அவரும் 1446இல் காலி. இவர்களெல்லாம் எந்த அகதிக்காகக் காத்திருந்தார்கள்? பள்ளிப் பாடத்தில் மனப்பாடம் செய்த ஒரு வருடத்தை நாற்பது வயதிலும் அப்படியே ஒப்பிக்க வேண்டுமா?

தெற்குவாசல்:
அந்தப் பதிவு நான் போட்டதுதான், பெயர் சொல்லியே திட்டியிருக்கலாம். 1453க்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? அதெல்லாம் தூறல், 1453தான் மழை. கிரேக்க அறிஞர் யோன்னிஸ் அர்கிரோபூலோஸ் நகரம் விழுந்த பிறகு வந்துதான் புளோரன்சில் அரிஸ்டாட்டில் பாடம் எடுத்தார். கான்ஸ்டன்டைன் லஸ்காரிஸ் அகதியாக வந்தவர், அவருடைய இலக்கண நூல்தான் முழுக்கக் கிரேக்கத்தில் அச்சான முதல் புத்தகம், மிலான், 1476. கிரேக்க ஆயர் பெசாரியன் தன்னிடமிருந்த 746 சுவடிகளை, அதில் 482 கிரேக்கம், 1468இல் வெனிசுக்குக் கொடுத்தார். இதெல்லாம் 1453க்கு முன்பா பின்பா? கணக்குத் தெரியுமல்லவா?

ஓட்டைப்பேனா:
கணக்கு நன்றாகவே தெரியும். பெசாரியன் இத்தாலிக்கு வந்தது 1438இல், திருச்சபை மாநாட்டுக்கு. மறு வருடமே போப் அவரைக் கர்தினால் ஆக்கிவிட்டார். நகரம் விழுந்தபோது அவர் ரோமாபுரியின் பெரிய மனிதர்களில் ஒருவர், அவரைப் போய் அகதிப் பட்டியலில் சேர்க்கிறீர்கள்! ஹோமரை முதன்முதலில் கிரேக்கத்தில் அச்சுக்குத் தயார்செய்த கல்கோகொண்டிலிஸ் 1449இல் வந்தவர். அவுரிஸ்பா என்ற சிசிலிக்காரர் 238 கிரேக்கச் சுவடிகளோடு வெனிசில் இறங்கியது 1423இல். அவர் ஓடி வரவில்லை, வாங்கிக்கொண்டு வந்தார். எல்லாவற்றுக்கும் முன்னால் கான்ஸ்டான்டிநோபிள்காரர் கிரிசோலோராஸ். அந்த வருடம் 1397. புளோரன்ஸ் அரசு தன் தலைமைச் செயலர் சலுட்டாட்டி மூலம் கடிதம் போட்டு, சம்பளம் பேசிக் கூப்பிட்ட வாத்தியார் அவர். அறிஞர் லியோனார்டோ புரூனி முதல் ஒரு தலைமுறையே அவரிடம்தான் கிரேக்கம் படித்தது. 1397க்குப் பதில் சொல்லுங்கள், அப்புறம் 1453க்குப் போகலாம்.

நூலகப்பூனை:
இரண்டு பேரும் கிரேக்கர் வந்த தேதிக்கே அடித்துக்கொள்கிறீர்கள். கிரேக்க நூல்கள் அரபி வழியாகவும் வந்தன. தொலெடோ என்று ஓர் ஊர் ஸ்பெயினில் இருக்கிறது தெரியுமா? கிரெமோனாக்காரர் ஜெரார்டு 1175இல் தாலமியின் வானியல் நூலான அல்மாகெஸ்ட்டை அரபியிலிருந்து லத்தீனுக்குக் கொண்டு வந்தார். அதற்கும் முன்னால், 9ஆம் நூற்றாண்டு பாக்தாதில் ஹுனைன் இப்னு இஷாக் கிரேக்க மருத்துவர் கேலனை மொழிபெயர்த்தார். அரபி மெய்யியலாளர் இப்னு ருஷ்தின் உரை இல்லாமல் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் அரிஸ்டாட்டிலைத் தொடவே மாட்டார்கள். இதைச் சொன்னால் மட்டும் எல்லோருக்கும் காது அடைத்துவிடுகிறது.

ஓட்டைப்பேனா:
பூனையாருக்கு எந்தத் திரியானாலும் பாக்தாத் போயே ஆக வேண்டும். சரி, வந்தது, மறுக்கவில்லை. என்னென்ன வந்தது? வானியல், மருத்துவம், கணிதம், அரிஸ்டாட்டில். ஹோமர் வந்தாரா? நாடகக்காரர் சோபோக்ளிஸ் வந்தாரா? வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் வந்தாரா? மறுமலர்ச்சிக்காரர்கள் பைத்தியமாக அலைந்தது கவிதைக்கும் வரலாற்றுக்கும் பேச்சுக்கலைக்கும். பெட்ரார்க்கிடம் கிரேக்க ஹோமர் ஒரு பிரதி இருந்தது, வாசிக்கத் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு ஏங்கினார். புத்தகம் இருந்து என்ன பயன், சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டாமா? அந்த ஆள் வந்த வருடம்தான் 1397.

தெற்குவாசல்:
அதற்கு முன்பே எழுத்தாளர் பொக்காச்சியோ ஏற்பாட்டில் லியோன்சியோ பிலாத்தோ புளோரன்சில் கிரேக்கம் சொல்லிக்கொடுத்து ஹோமரை லத்தீனில் பெயர்த்தார், 1360 வாக்கில். அப்படியானால் உங்கள் 1397உம் போச்சே?

ஓட்டைப்பேனா:
போகட்டும், இன்னும் பின்னால்தானே போகிறது! 1453இலிருந்து ஒரு நூற்றாண்டு பின்னால் போய் எனக்கே சாட்சி சொன்னதற்கு நன்றி.

மாடிவீட்டு மைனர்:
1397 என்றதும் ஞாபகம் வந்தது. மெடிசி வங்கி புளோரன்சில் தொடங்கியதும் அதே வருடம். ஏடு, வாத்தியார் எல்லாம் சரி, படியளந்தது யார்? அறிஞர் பிசீனோவுக்கு வீடு கொடுத்து பிளேட்டோவை மொழிபெயர்க்க வைத்தது அந்த மெடிசி குடும்பத்துக் கோசிமோவின் காசு. அதைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை.

தெற்குவாசல்:
மைனரே, அதுவும் 1453க்குப் பின்னால்தான். 1462.

மாடிவீட்டு மைனர்:
கடவுளே.

ஓட்டைப்பேனா:
அந்த பிளேட்டோ சுவடி 1453இல் தப்பி வந்ததா என்ன? அதை விடுங்கள். இத்தாலிய அறிஞர் போஜ்ஜோ 1416இல் சங்க்ட் காலன் மடத்தில் பேச்சுக்கலை ஆசிரியர் குவின்டிலியனின் நூலை முழுசாகக் கண்டெடுத்தார், அடுத்த வருடம் கவிஞர் லுக்ரீஷியஸின் நூல். இரண்டும் லத்தீன், இரண்டும் கான்ஸ்டான்டிநோபிள் பக்கமே போகாதவை, ஐரோப்பிய மடத்து அலமாரியிலேயே தூசி தின்றுகொண்டிருந்தவை. துருக்கியர் 1453இல் அந்த நகரத்தைத் தொடாமலே விட்டிருந்தாலும் இவை வந்திருக்கும். நான் கேட்டது ஒரே கேள்வி, நாலு பதிவு ஆகியும் பதில் இல்லை. போன மாதம் வத்திக்கானின் சிஸ்டைன் தேவாலயக் கூரையை மைக்கேலாஞ்சலோ படுத்துக்கொண்டே வரைந்தார் என்று சாதித்தவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

தெற்குவாசல்:
அதை இங்கே எதற்கு இழுக்கிறீர்கள்? வயிற்றெரிச்சல் இன்னும் தீரவில்லை போல.

ஓட்டைப்பேனா:
இழுக்காமல்? மனுஷன் நின்றுகொண்டு கழுத்தை அண்ணாந்து வரைந்ததை அவரே படம் போட்டு, தாடி வானத்தைப் பார்க்கிறது என்று கவிதையும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதைக் காட்டிய பிறகும் "சினிமாவில் படுத்துக்கொண்டுதானே இருக்கிறார்" என்றவர் நீங்கள்.

நூலகப்பூனை:
என் தொலெடோவுக்குப் பாதி பதில்தான் வந்திருக்கிறது. யூக்ளிட் இல்லாமல் தூரத்தைக் கணக்கோடு காட்டும் தூரக்காட்சி ஓவியம் எப்படி வந்தது? இப்னு அல்-ஹைதமின் ஒளியியல் நூல் லத்தீனில் இல்லாமல் புளோரன்ஸ் சிற்பி கிபெர்ட்டி தன் குறிப்புகளில் எதைப் பார்த்து எழுதினார்?

மாடிவீட்டு மைனர்:
பூனை, இது நல்ல கேள்வி. இதற்குத் தனித் திரி போடுங்கள், இங்கே கேட்டால் 1453க்கு முன்பா பின்பா என்றுதான் பதில் வரும்.

தெற்குவாசல்:
கிண்டல் இருக்கட்டும். வெனிஸ் அச்சகக்காரர் ஆல்டஸ் மனூட்டியஸ் 1495 முதல் 1498 வரை ஐந்து தொகுதியாக அரிஸ்டாட்டிலைக் கிரேக்கத்தில் அச்சடித்தபோது அவர் பக்கத்தில் இருந்த கிரேக்கர்கள் யார்? வெனிசில் குடியேறியவர்கள். அச்சு இல்லாவிட்டால் உங்கள் கிரிசோலோராசின் பெயர்கூட நமக்குத் தெரிந்திருக்காது. 1453 முக்கியம் இல்லை என்று சொல்பவர்களுக்கு அச்சகத்தின் அருமை தெரியவில்லை என்றுதான் அர்த்தம். அர்கிரோபூலோசையும் யாரும் இன்னும் அசைக்கவில்லை. இரண்டாம் பாகம் எழுதிக்கொண்டிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வரும்.

ஓட்டைப்பேனா:
இப்போது அச்சகத்துக்குத் தாவியாயிற்றா? எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். அந்த அர்கிரோபூலோஸ் 1440களிலேயே பாதுவாவுக்கு வந்து பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர் என்பதையும் அதில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.