அப்பாவின் இதயத்துக்கு 58 புள்ளி

களுவாஞ்சிகுடி மகள்:

என் அப்பா ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றதால் மட்டக்களப்புக்கு எக்கோ, அதாவது ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கான், எடுக்கக் கூட்டிப்போனேன். ஊசியும் இல்லை, மயக்கமும் இல்லை. இருட்டறையில் இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்து, குளிர்ந்த களியைப் பூசி, விலா எலும்புகளுக்கிடையில் கருவியை அழுத்தினார்கள். "மூச்சை வெளியே விட்டு அப்படியே பிடியுங்கள், சேர்." திரையில் விசிறி விரித்தாற்போல் சாம்பல் நிறப் படம், அதற்குள் இடது இதயவறை சுருங்கி விரிந்துகொண்டிருந்தது.

அறிக்கையில், இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் இரத்தத்தின் பங்கு 58% என்றிருந்தது. பஸ் கல்லடிப் பாலத்தைத் தாண்டும்வரை அப்பா வாய் திறக்கவில்லை. பிறகு, "மகள், இது வெறும் 'சி' தானே" என்றார்.

அடுத்த கிளினிக்கில் வைத்தியர் கணக்கைத் தாளில் போட்டே காட்டினார். அறை நிறைந்திருக்கும்போது 120 மில்லிலீற்றர் இரத்தம், சுருங்கிய பின் மிஞ்சுவது 50. வெளியே போன 70ஐ 120ஆல் வகுத்தால் 58%. எந்த இதயமும் முழுவதையும் தள்ளிவிடாதாம். 55க்கு மேல் என்றால் நல்ல சுருக்கம்தான். அப்பாவின் முகம் மலர்ந்தது. ஆனால் வைத்தியரின் விரல் அப்பா வாசிக்காமல் விட்ட வரிக்குப் போனது: சுவரின் தடிப்பு 14 மில்லிமீற்றர். 10 அளவில் இருக்கவேண்டியது. பல வருடப் பிரஷரின் வேலை. தடித்த சுவர் நன்றாகச் சுருங்கும், தளர்ந்து இரத்தத்தை ஏற்கத்தான் மறுக்கும். மூச்சு வாங்கியது அதனால். புள்ளியை மட்டும் பார்த்துக் குறிப்பை வாசிக்காத பிள்ளைகளை எத்தனை பேரைத் திட்டியிருப்பார்!

வாழைச்சேனை மீனவன்:

எங்கள் அம்மாவுக்கு, அப்பாவின் எட்டுச் செலவு முடிந்த இரவு நெஞ்சு நோ. ஈ.சி.ஜி. பார்த்தவர்கள் மாரடைப்பு என்றார்கள். இதயத்தின் இரத்தக் குழாய்களைச் சாயம் விட்டுப் பார்க்கும் அஞ்சியோகிராமில் ஓர் அடைப்பும் இல்லை. அதே கையோடு இடது இதயவறைக்குள் சாயத்தைச் செலுத்திப் படம் பிடித்தார்கள். கழுத்து ஒடுங்கி, அடி உப்பிய முட்டி மாதிரி இருந்தது. யப்பானில் பேய்க்கணவாய் (ஒக்டோபஸ்) பிடிக்கக் கடலில் இறக்கும் முட்டியின் பெயரையே 1990இல் அந்நாட்டு வைத்தியர்கள் இதற்கு வைத்தார்களாம்: தகோட்சுபோ. பெருந்துக்கத்தில் வருவது, மாதவிடாய் நின்ற பெண்களிடம்தான் அதிகம் என்றார்கள். கணவாயோடு பிழைக்கிற எனக்கு இது புதுச் செய்தி.

அன்று 30%. ஆறு வாரம் கழித்து எக்கோவில் 60%. சந்தோஷமாகச் சொன்னேன். அம்மா அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்படியென்றால் நான் அவரை மறந்துவிட்டேன் என்று சொல்கிறதா மகன், இந்தப் படம்?"

களுவாஞ்சிகுடி மகள்:

இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உங்கள் அம்மா இப்போது சாப்பிடுகிறாரா என்று கேட்கச் சொன்னார்.