டிக்கெட் போட்டுப் பாடினால் அது ஊழியம் ஆகாதா?

பாளை டெனர்:
எங்கள் சபைக் கொயர் (பாடகர் குழு) இந்த டிசம்பரில் 'மேசியா'விலிருந்து சில பகுதிகளைப் பாடப்போகிறது. வேத வசனங்களுக்கு ஹேண்டல் என்ற 18-ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் அமைத்த பெரிய இசைப் படைப்பு அது. டிக்கெட் வைத்து, வசூலை டயாலிசிஸ் செலவுக்குத் திண்டாடும் குடும்பங்களுக்குக் கொடுப்பதாகத் திட்டம். "கர்த்தர் கொடுத்த தாலந்தை விலைக்கு விற்காதீர்கள்" என்று மூப்பர் ஒருவர் குறுக்கே நிற்கிறார்.

இந்த இசை முதலில் அரங்கேறியதே தர்மத்துக்காகத்தான். 1742 ஏப்ரல் 13, டப்ளின், ஃபிஷாம்பிள் தெரு இசை அரங்கு. வசூல் யாருக்கு என்று பத்திரிகை விளம்பரத்திலேயே போட்டுவிட்டார்கள்: சிறைக் கைதிகளுக்கு, மெர்சர் ஆஸ்பத்திரிக்கு, இன்னொரு தர்ம ஆஸ்பத்திரிக்கு. இடம் போதாதென்று பெண்கள் வளையப் பாவாடை இல்லாமலும் ஆண்கள் வாள் இல்லாமலும் வரும்படி கேட்டுக்கொண்டார்கள். ஏறக்குறைய 400 பவுன் (பிரிட்டிஷ் பணம்) சேர்ந்தது. கடனுக்காக அடைபட்டிருந்த 142 பேர் விடுதலையானார்கள். அந்தக் காலத்தில் கடனை அடைக்கும்வரை சிறைதான். சிறையில் கிடப்பவன் சம்பாதித்து அடைக்கவும் வழியில்லை. வெளியிலிருந்து யாராவது கட்டினால்தான் உண்டு. பாடினவர்கள் கட்டினார்கள். இது ஊழியம் இல்லையென்றால் எது ஊழியம் என்று மூப்பர் சொல்லட்டும்.

எஸ்றா தூத்துக்குடி:
பிரதர், 142 பேர் வெளியே வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அன்றைக்கு டிக்கெட் அரை கினி, அதாவது அரைப் பவுனுக்கும் சற்று மேல். கூலிக்காரன் அந்த வாசலை மிதித்திருக்க முடியாது. தேவனுடைய வசனத்தைக் கேட்கக் காசு கேட்டால், காசில்லாதவனுக்கு அங்கே இடம் எது? தர்மம் செய்ய வேண்டுமா, காணிக்கை எடுங்கள். பாட்டை ஆலயத்தில் எல்லாரும் கேட்கப் பாடுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள்.

இது என் சொந்தக் கருத்து மட்டும் இல்லை. 1743-ல் லண்டன் கோவென்ட் கார்டன் நாடகக் கொட்டகையில் இதைப் பாடியபோது, வேத வசனத்துக்கு அதுவா இடம் என்று பத்திரிகையிலேயே எதிர்ப்பு வந்தது. 1784-ல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் ஹேண்டல் நினைவாகப் பெரிய விழா எடுத்தார்கள். அந்தச் சமயத்தில் லண்டன் குருவானவர் ஜான் நியூட்டன் இதே வசனங்களை வைத்து ஐம்பது பிரசங்கம் செய்தார். இரட்சிப்பின் செய்தியை ஜனங்கள் பொழுதுபோக்காக்கிவிட்டார்கள் என்பதுதான் அவர் ஆதங்கம். எனக்கும் அதே ஆதங்கம்தான். கைதட்டல் வந்துவிட்டால் பாடுகிறவன் யாருக்காகப் பாடுகிறான் என்பது அவனுக்கே மறந்துபோகும்.

ஆல்ட்டோ அக்கா:
தம்பி எஸ்றா, அதே டப்ளின் மேடையில் சூசன்னா சிபர் பாடினாள், தெரியுமா? நாடக நடிகை. புருஷன் போட்ட வழக்கில் லண்டன் முழுக்க அவள் பேர் நாறிப்போயிருந்தது. குரலும் பெரிய குரல் இல்லை. அவளுக்குத்தான் ஏசாயா 53 கிடைத்தது, மனுஷரால் தள்ளப்பட்டவரைப் பற்றிய பகுதி. கேட்டுக்கொண்டிருந்த குருவானவர் டெலானி எழுந்து, "பெண்ணே, இதற்காக உன் பாவமெல்லாம் மன்னிக்கப்படுவதாக" என்றாராம். ஆலயத்துக்குள் அவளை முன்வரிசையில் நிறுத்திப் பாடவிட்டிருப்பார்களா? எனக்கு இதில் பணத்தைவிட இதுதான் பெரிது.

பழைய கணக்கு:
ஒன்று விட்டுப்போனது. அடிமை வியாபாரம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் ஹேண்டலுக்குப் பங்கு இருந்தது. ஆய்வாளர்கள் கணக்குப் புத்தகத்திலிருந்தே எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். இவரை விசுவாசத்துக்கு மாதிரியாக வைப்பதற்கு முன் அதையும் சொல்லுங்கள். கைதியை விடுவித்த கை இன்னொரு பக்கம் மனுஷரைக் கட்டிவைத்த கம்பெனியில் பணம் போட்டிருக்கிறது.

பாளை டெனர்:
சொல்லத்தான் வேண்டும். நிகழ்ச்சி அறிமுகத்தில் நானே சொல்கிறேன். அவரைப் பரிசுத்தவான் ஆக்குவது என் வேலை இல்லை. அவர் செய்த ஒரு காரியத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

லண்டனில் தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவர், தெருவில் விடப்பட்ட குழந்தைகளுக்காகப் பதினேழு வருஷம் அலைந்து 1739-ல் அரச சாசனம் வாங்கி ஓர் இல்லம் தொடங்கினார். பிள்ளையைக் கொண்டுவந்து விடும் தாய்மார், பிற்பாடு அடையாளம் காட்ட ஒரு துணித் துண்டையோ நாணயத்தையோ வைத்துவிட்டுப் போவார்கள். ஓவியர் ஹோகார்த் கோரமின் படத்தை வரைந்து அந்த இல்லத்துக்கே கொடுத்தார். மற்ற ஓவியர்களையும் கொடுக்கவைத்தார். ஹேண்டல் அங்குள்ள சிற்றாலயத்துக்கு ஆர்கன் கொடுத்தார். 1750-லிருந்து வருஷந்தோறும் அங்கே 'மேசியா' பாடப்பட்டது. கண் பார்வை போன பிறகும் வந்தார். அவர் இறந்த பிறகும் 1777 வரை நடந்தது. இல்லத்துக்கு ஆயிரக்கணக்கான பவுன் சேர்ந்தது.

எஸ்றா தூத்துக்குடி:
அதே இல்லம் 1754-ல் 'மேசியா'வைத் தங்களுக்கே உரிமையாக்கப் பார்லிமெண்டுக்குப் போகப் பார்த்தபோது ஹேண்டல் கோபித்துக்கொண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முழுதாக விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

பாளை டெனர்:
உண்மைதான். ஆனாலும் உயிலில் அதன் பிரதி ஒன்றையும் பாடகர், வாத்தியக்காரருக்கான தாள்களையும் அந்த இல்லத்துக்கே எழுதிவைத்தார். முழு ஸ்வரப் புத்தகம் அவர் உயிரோடு இருந்தவரை அச்சாகவில்லை. அப்படியிருக்க, கையெழுத்துப் பிரதியைக் கொடுப்பது சின்ன விஷயம் இல்லை.

காணிக்கைத் தட்டு யோசனையையும் பார்த்துவிட்டேன், பிரதர். கிறிஸ்துமஸ் ஆராதனையில் எல்லாரும் கொடுப்பார்கள், ஆனால் அது சபையின் பொதுக் கணக்கில் போய்விடும். டயாலிசிஸ் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, மாதா மாதம் தொடரும் செலவு. பேர் சொல்லி எடுத்த பணம் பேர் சொன்ன இடத்துக்கே போய்ச் சேர வேண்டும்.

எஸ்றா தூத்துக்குடி:
டிக்கெட் விஷயத்தில் நான் மாறவில்லை. நீங்கள் நடத்தத்தான் போகிறீர்கள் என்றால் இரண்டு காரியம் செய்யுங்கள். முன் மூன்று வரிசையை அந்தக் குடும்பங்களுக்கு இலவசமாக ஒதுக்குங்கள். அவர்களை மேடைக்கு ஏற்றி நன்றி சொல்லவைக்காதீர்கள். வரவு செலவை மறு ஞாயிறே அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கொயருக்கு வாங்கும் புதுச் சட்டைத் துணியின் பில்லும் அதில் வரட்டும்.

பாளை டெனர்:
மூன்று வரிசை, கணக்கு, இரண்டையும் இன்றைக்கே மூப்பரிடம் எடுத்துப்போகிறேன். சட்டை வேண்டாம். போன வருஷத்துச் சட்டையே நன்றாகத்தான் இருக்கிறது.